போர்டு கேம் வெளியிடறீங்களா? ஃபேன்ஸுக்கு எழுதறதையும் ரூல்புக் மாதிரி எழுதுங்க

ரூல்புக் எழுதும்போது யாரும் "கொஞ்சம் கார்டு எடுத்துக்கோங்க"ன்னு எழுத மாட்டாங்க. எத்தனை கார்டு, எந்த டெக்குல இருந்து, மத்தவங்களுக்குக் காட்டணுமா வேண்டாமா, டெக் காலியாயிட்டா என்ன பண்றது, எல்லாத்தையும் எழுதுவாங்க, ஏன்னா எழுதலன்னா மேஜைல நாலு பேர் சண்டை போட்டுப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அதே ஆளு மறுநாள் பேக்கர்களுக்கு, அதாவது கேம் வர்றதுக்கு முன்னாடியே பணம் போட்டவங்களுக்கு, அப்டேட் எழுத உக்காந்தா, "வேலை நல்லபடியா போயிட்டிருக்கு, கூடிய சீக்கிரம் அனுப்பிடுவோம், பொறுமைக்கு நன்றி"ன்னு முடிச்சிடறாங்க. எது நல்லபடியா போகுது, சீக்கிரம்னா எந்த மாசம், ஒண்ணுமே இல்ல.

நான் ரொம்ப வருஷமா க்ரவுட்ஃபண்டிங்ல கேம் வாங்கிட்டு வர்றவன். நடுவுல ரெண்டு வருஷம் ஒரு சின்ன பப்ளிஷருக்கு அப்டேட் எழுதறது, மெயிலுக்கு பதில் போடறதுன்னு அந்தப் பக்கமும் உக்காந்து பார்த்திருக்கேன். ரெண்டு பக்கமும் இருந்து பார்த்ததுல எனக்குப் புரிஞ்சது இதுதான், ஃபேன்ஸ்கிட்ட பேசறதுக்குன்னு தனியா மார்க்கெட்டிங் மூளை எதுவும் வேண்டாம், ரூல்புக் எழுதற கையாலயே அதையும் எழுதினா போதும். யார், என்ன பண்ணணும், எப்போ, அது நடக்கலன்னா அப்புறம் என்ன. இந்த நாலும் இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க. கீழ இருக்கறது எல்லாம் இதை எங்கெங்க எப்படிப் பண்றதுன்னு தான்.

கேக்கறவங்க எதுக்குக் கேக்கறாங்க

பப்ளிஷருக்கு வர்ற கேள்விகள்ல முக்காவாசி மூணே வகைல அடங்கிடும். என் பெட்டி எங்க இருக்கு, இந்த ரூல் எப்படி, இது மறுபடி அச்சாகுமா. மூணுக்கும் ஒரே மாதிரி "சீக்கிரம் சொல்றோம்"னு பதில் போடறது தப்பு, ஏன்னா மூணு பேரும் மூணு விதமான அவசரத்துல இருக்காங்க. பெட்டி எங்கன்னு கேக்கறவர் வீடு மாத்தப் போறவரா இருக்கலாம், அவருக்கு வேண்டியது பெட்டி இல்ல, அட்ரஸ் மாத்தறதுக்கு கடைசி தேதி. ரூல் கேக்கறவர் கேம் நடுவுல நிறுத்தி வெச்சுட்டு ஃபோனைப் பார்த்துட்டு இருக்கார். ரீப்ரிண்ட் வருமான்னு கேக்கறவர், யாரோ ரெண்டு மடங்கு விலைக்கு விக்கற பழைய காப்பியை வாங்கலாமா, காத்திருக்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கார். "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது"ன்னு நீங்க எழுதினா அவர் அந்த ரெண்டு மடங்கு காசைக் கொடுத்துடுவார், அடுத்த மாசமே நீங்க ரீப்ரிண்ட் அறிவிச்சா அவருக்கு உங்க மேல எவ்வளவு கோவம் வரும்னு யோசிச்சுப் பாருங்க. இன்னும் முடிவாகலன்னா "முடிவாகல, அக்டோபர்ல முடிவு எடுப்போம், எடுத்ததும் சொல்றோம், அதுவரைக்கும் அதிக விலைக்கு வாங்காதீங்க"ன்னு எழுதறதுல உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல.

இதெல்லாம் இன்டர்நெட் வந்தப்புறம் வந்த பிரச்சனைன்னு நினைக்காதீங்க. அவலான் ஹில்ங்கற அமெரிக்க போர்டு கேம் கம்பெனி 1964-லயே "தி ஜெனரல்"னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு 1998 வரைக்கும் நடத்தினாங்க, அதுல அவங்க கேம்களுக்கு மட்டும் கட்டுரை, ரூல் விளக்கம் எல்லாம் வரும். ரூல்ல சந்தேகம்னா லெட்டர் போடலாம், கூடவே உங்க அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவரும் வைக்கணும், கேள்வியை ஒரு வார்த்தைலயோ ஒரு வரிலயோ பதில் சொல்ற மாதிரி கேக்கணும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். எப்படிக் கேட்டா பதில் வரும்னு கேக்கறவங்களுக்கே முன்னாடி சொல்லிட்டாங்க பாருங்க. நீங்களும் இதைப் பண்ணலாம், கான்டாக்ட் ஃபார்ம்ல "எந்த கேம், எந்தப் பதிப்பு, ரூல்புக் எந்தப் பக்கம், மேஜைல என்ன நடந்துச்சு"ன்னு நாலு கட்டம் வெச்சா பாதி மெயில் ஒரே தடவைல முடிஞ்சிடும், இல்லன்னா "எந்தப் பதிப்புங்க?"ன்னு கேட்டு, அவர் ரெண்டு நாள் கழிச்சு சொல்லி, அதுக்குள்ள நீங்க மறந்துன்னு ஒரு வாரம் ஓடிடும்.

பெட்டி எங்க இருக்கு

கிக்ஸ்டார்ட்டர்ங்கற க்ரவுட்ஃபண்டிங் சைட் 2009-ல வந்தப்புறம் இந்தத் தொழில்ல மாறின பெரிய விஷயம், பணம் முன்னாடி போயிடுது, பெட்டி பின்னாடி வருது. நடுவுல ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஃபேன்ஸ் கைல இருக்கறது உங்க வார்த்தை மட்டும்தான். ஜிஎம்டி கேம்ஸ்ங்கற பப்ளிஷர் இதுக்கு முன்னாடியே பி500-ன்னு ஒரு முறை வெச்சிருந்தாங்க, இன்னிக்கும் இருக்கு. ஒரு கேமுக்கு 500 ப்ரீ-ஆர்டர் சேர்ந்தாதான் அது அச்சு வரிசைக்குப் போகும், அனுப்பற நேரம் நெருங்கும்போதுதான் கார்டுல பணம் எடுப்பாங்க. எந்த கேமுக்கு எத்தனை ஆர்டர் ஆயிருக்குன்னு எல்லாரும் பார்க்கலாம். அங்க லேட்டானா ஃபேன்ஸ் அவ்வளவா பதற மாட்டாங்க, ஏன்னா அவங்க பணம் அவங்ககிட்டயே இருக்கு. நீங்க பணத்தை முன்னாடியே வாங்கிட்டீங்கன்னா அந்த நிம்மதியை எழுத்துல தான் கொடுத்தாகணும், வேற வழி இல்ல.

அதுக்கு முதல் வேலை, ஒரு கேம் எந்தெந்தப் படி தாண்டி வருதுன்னு முதல் அப்டேட்லயே சொல்லிடறது. நிறைய பேக்கர்கள் டிசைன் முடிஞ்சா அடுத்த வாரம் அச்சடிச்சு அனுப்பிடலாம்னு நினைக்கறாங்க, அது அவங்க தப்பு இல்ல, யாரும் சொல்லல. ஃபைல் ஃபேக்டரிக்குப் போகும், அவங்க டிஜிட்டல் ப்ரூஃப் (அச்சுக்கு முன்னாடி சரிபார்க்கற காப்பி) அனுப்புவாங்க, அதைத் திருத்தி அனுப்பணும், அப்புறம் அச்சு இல்லாத வெள்ளை சாம்பிள் வரும், பெட்டி சைஸ், ட்ரே எல்லாம் சரியா இருக்கான்னு அதுல பார்க்கணும், மினியேச்சர் (சின்ன பிளாஸ்டிக் பொம்மை) இருந்தா அதுக்கு மோல்டு வெட்டற வேலை தனியா ஓடும், எல்லாம் முடிஞ்சு உண்மையான பெட்டி மாதிரியே ஒரு சாம்பிள் வரும், அதுக்கு ஓகே சொன்னாதான் மொத்த உற்பத்தி ஆரம்பிக்கும். அப்புறம் அசெம்ப்ளி, கண்டெய்னர், கப்பல், கஸ்டம்ஸ், ஒவ்வொரு நாட்டு கோடவுன், அங்க இருந்து வீடு. இதுல சைனால அச்சடிக்கறவங்க சீனப் புத்தாண்டை மறக்கவே கூடாது, ஜனவரி கடைசிலயோ பிப்ரவரிலயோ ஃபேக்டரி ரெண்டு மூணு வாரம் மூடிடும், அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே நேரத்துல வேலையை முடிக்கப் பார்ப்பாங்க, அதனால டிசம்பர்ல உங்க ஓகே ஒரு வாரம் லேட்டானா பெட்டி ஒன்றரை மாசம் லேட்டாகும். இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லி வெச்சா பிப்ரவரில "ஏன் அப்டேட்ல ஒண்ணும் இல்ல"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

இந்தப் படிகளை ஒரு பட்டியலா போட்டு ஒவ்வொரு அப்டேட்லயும் மேலேயே வையுங்க, முடிஞ்சதுக்கு டிக், நடக்கறதுக்கு தேதி. கீழ நீங்க எவ்வளவு நீளமா வேணும்னாலும் எழுதுங்க. அவசரமா படிக்கறவங்க பட்டியலைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க, ஆர்வமா இருக்கறவங்க மோல்டு வெட்டின போட்டோ வரைக்கும் படிப்பாங்க. சொல்லப்போனா அந்த ஃபேக்டரி போட்டோவுக்கு இருக்கற மதிப்பே தனி. அழகா லைட் போட்டு எடுத்த விளம்பர போட்டோவை விட, பஞ்ச்போர்டு ஷீட் (டோக்கன் பிரிச்செடுக்கற அட்டை) அடுக்கி வெச்சிருக்கற மங்கலான ஃபோன் போட்டோவைப் பார்த்தாதான் மனசுக்கு நிம்மதியா இருக்கும், நிஜமா ஏதோ நடக்குதுன்னு தெரியும்.

எவ்வளவு அடிக்கடி எழுதணும்னு கேட்டா, மாசத்துக்கு ஒண்ணு போதும், ஆனா தேதி மாறக்கூடாது. 10-ம் தேதின்னா 10-ம் தேதி. சொல்ல ஒண்ணும் இல்லாத மாசமும் "இந்த மாசம் எதுவும் நகரல, ப்ரூஃபுக்குக் காத்திட்டிருக்கோம், வந்தா அடுத்த 10-ம் தேதி போட்டோ"ன்னு மூணு வரி போடுங்க. நான் வேலை பார்த்த இடத்துல ஒரு தடவை "சொல்ல விஷயம் இல்லையே"ன்னு ரெண்டு மாசம் விட்டுட்டோம், உள்ள வேலை எல்லாம் ஒழுங்கா தான் நடந்துட்டு இருந்துச்சு. மூணாவது மாசம் மெயில் பாக்ஸைத் திறந்தா 140 மெயில், அதுல பாதி பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தாங்க. அவங்களுக்கு ஒவ்வொருத்தரா பதில் எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆச்சு, அந்த மூணு வரியை எழுத மூணு நிமிஷம் ஆயிருக்கும்.

லேட் ஆகறது சகஜம் தான், பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஆகுது. ஃப்ராஸ்ட்ஹேவன்ங்கற கேம் 2020-ல கிக்ஸ்டார்ட்டர்ல கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர் வாங்கினது, 83,000 பேருக்கு மேல பணம் போட்டிருந்தாங்க, 2021-ல அனுப்பறதா இருந்து கடைசில 2022 முடியற நேரத்துலயும் 2023-லயும் தான் ஜனங்க கைக்கு வந்துச்சு. ஆனா லேட்டுக்கும் ஏமாத்துக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு, அந்தக் கோட்டை எழுத்தால மறைக்க முடியாது. "தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி"ன்னு ஒரு கேம், 2012-ல 1,200-க்கும் மேல பேர்கிட்ட 1,22,000 டாலருக்கு மேல வாங்கினாங்க, ஒரு வருஷம் வேலை நடக்குதுன்னு அப்டேட் போட்டுட்டு 2013-ல கேன்சல்னு அறிவிச்சாங்க. பணத்துல பெரும் பகுதி வீட்டு வாடகை மாதிரி சொந்தச் செலவுக்குப் போச்சுன்னு சொல்லி அமெரிக்க ஃபெடரல் ட்ரேட் கமிஷன் 2015-ல நடவடிக்கை எடுத்தது, க்ரவுட்ஃபண்டிங் விஷயத்துல அவங்க எடுத்த முதல் வழக்கே ஒரு போர்டு கேம் மேல தான். கேமை வேற கம்பெனி கிரிப்டோசோயிக் வெளியிட்டு பேக்கர்களுக்குக் கொடுத்தாங்க. நான் இதைச் சொல்றது பயமுறுத்த இல்ல, அப்டேட்ல நீங்க எழுதற ஒவ்வொரு வரியும் நீங்க கொடுத்த வாக்குமூலமா பின்னாடி படிக்கப்படலாம், அதனால நடக்காததை நடக்குதுன்னு ஒரு நாளும் எழுதாதீங்க.

கெட்ட செய்தியை எழுதறது

இதுதான் கஷ்டமான வேலை, அதனால இதுக்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கறேன்.

பொதுவா வர்ற அப்டேட் இப்படி இருக்கும். "வணக்கம் நண்பர்களே, இந்த மாசம் உற்சாகமான செய்திகள் நிறைய இருக்கு! கவர் ஆர்ட் முடிஞ்சாச்சு, பாருங்க எவ்வளவு அழகு! அடுத்த கேமுக்கும் வேலை ஆரம்பிச்சாச்சு! தயாரிப்புல எதிர்பாராத சில சவால்கள் வந்ததால கால அட்டவணைல சின்ன மாற்றம் இருக்கலாம்." படிக்கறவங்க முதல் மூணு வரியைத் தாண்டி நேரா அந்தக் கடைசி வரிக்குத் தான் போவாங்க. சின்ன மாற்றம்னா என்ன, ரெண்டு வாரமா எட்டு மாசமா? எனக்கு வந்த ஒரு "சின்ன மாற்றம்" 14 மாசம் ஆச்சு. அதுவாவது பரவால்ல, கெட்ட செய்திக்கு மேல அடுத்த கேம் விளம்பரம் இருந்துச்சு பாருங்க, அதை என்னால இன்னும் மறக்க முடியல.

அதையே இப்படி எழுதலாம்:

"கேம் ஜூன்ல வராது. இப்ப எங்க கணக்குப்படி செப்டம்பர். மெயின் போர்டோட பின்பக்கம் கலர் மங்கலா அச்சாயிடுச்சு, ஆட முடியாத அளவுக்கு ரெண்டு கலர் ஒண்ணு போலத் தெரியுது, அதனால அந்த ஷீட்டை மறுபடி அடிக்கச் சொல்லிட்டோம், அதுக்கு 5 வாரம். அதுல கப்பல் புக்கிங் போயிடுச்சு, அடுத்த இடம் ஜூலை கடைசில தான் கிடைச்சுது. மறு அச்சுச் செலவு ஃபேக்டரியோடது, உங்ககிட்ட கூடுதல் பணம் கேக்க மாட்டோம். அட்ரஸ் மாத்த ஆகஸ்ட் 10 வரைக்கும் டைம் இருக்கு. வேண்டாம்னு நினைக்கறவங்க ஜூலை 15-க்குள்ள சொல்லுங்க, பணம் திரும்பி வரும். அடுத்த அப்டேட் ஜூன் 20, புது ஷீட் போட்டோவோட. ஷீட் வரலன்னா வரலன்னு அன்னிக்கே எழுதறோம்."

இதுல மன்னிப்பு ஒரு தடவை சேர்த்துக்கலாம், பத்து தடவை வேண்டாம். முதல் வரில தேதி, ரெண்டாவதுல காரணம், மூணாவதுல பணம், அப்புறம் அவங்க என்ன பண்ணலாம், கடைசில நீங்க மறுபடி எப்ப பேசுவீங்க. காரணத்தை எழுதும்போது கூடுமானவரைக்கும் குறிப்பா எழுதுங்க, "சப்ளை செயின் பிரச்சனை"ன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, "கலர் மங்கலா வந்துச்சு"ன்னா உங்க மேல மரியாதை தான் வரும், நீங்க தப்பான பெட்டியை அனுப்பாம நிறுத்தினவர்னு தெரியும். ரீஃபண்ட் பத்தி எழுதும்போது மட்டும் வார்த்தையை விடறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுப் பாருங்க, கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கும், அது போக பணம் வாங்கற கட்டணம் தனி, அது ரெண்டும் உங்களுக்குத் திரும்பி வராது, முழுப் பணமும் தருவீங்களா கழிச்சுத் தருவீங்களான்னு முன்னாடியே சொல்லிடணும்.

செலவு ஏறும்போது எப்படிப் பேசறதுன்னு சொல்லணும்னா 2025 ஏப்ரலை எடுத்துக்கலாம். அப்போ அமெரிக்கா சைனாப் பொருள் மேல வரி ஏத்திச்சு, அமெரிக்க பப்ளிஷர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அச்சு சைனால தான். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் உடனே எழுதினது ரொம்பச் சுலபமான ஒரு கணக்கு, போன வருஷம் 3 டாலருக்குச் சைனால செஞ்ச ஒரு பொருள் 54 சதவீத வரியோட கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே 4.62 டாலர். அவ்வளவு தான், இதைப் படிச்ச யாருக்கும் வேற விளக்கம் வேண்டியிருக்காது. வரி 145 சதவீதம் ஆனப்போ ஸ்டோன்மையர் கேம்ஸோட ஜேமி ஸ்டெக்மையரும் அதே மாதிரி தான் எழுதினார், கேம் செய்ய 10 டாலர் செலவு பண்ணா வரி மட்டும் 14.50 டாலர்னு. ஒரு பெட்டியை எடுத்து அதோட கணக்கை விரிச்சுக் காட்டிட்டாங்க. "உலகப் பொருளாதாரச் சூழல் காரணமாக விலை மாற்றம்"னு எழுதியிருந்தா ஃபேன்ஸ் சந்தேகப்பட்டிருப்பாங்க, கணக்கைக் காட்டினதால அவங்க பக்கம் நின்னாங்க.

இதே மாதிரி 2021-ல கண்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறிச்சே, அப்போ சில பேர் ஷிப்பிங்குக்குக் கூடுதலா பணம் கேட்டாங்க. கேக்கறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், கேம் வராம போறதை விட அது மேல். ஆனா கேக்கறதுன்னா மூணு விஷயம் சேர்த்து எழுதணும், மொத்தம் எவ்வளவு குறையுது, அதுல உங்க கைல இருந்து எவ்வளவு போடறீங்க, கொடுக்க முடியாதவங்களுக்கு என்ன வழி. மூணாவது இல்லாம எழுதினா அது பணம் கொடுத்தாதான் பெட்டின்னு மிரட்டற மாதிரி தான் படும்.

இனி எழுதவே கூடாத விதத்துக்கு ஒரு உதாரணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற ரோல்-ப்ளேயிங் கேமை வெளியிடற விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2000-ல, அவங்க ரூல்ஸை வெச்சு மத்தவங்களும் வெளியிடலாம்னு ஓபன் கேம் லைசென்ஸ்னு ஒண்ணு கொடுத்தாங்க, அதை நம்பி எத்தனையோ சின்னப் பப்ளிஷர்கள் இருபது வருஷத்துக்கு மேல தொழில் பண்ணிட்டு இருந்தாங்க. 2023 ஜனவரி 5-ம் தேதி அதை மாத்தப் போற வரைவு வெளிய கசிஞ்சு செய்தியா வந்துச்சு. பழைய லைசென்ஸ் செல்லாது, பெரிய அளவுல விக்கறவங்க ராயல்டி கட்டணும்னு எல்லாம் அதுல இருந்துச்சு. ஜனங்க கொதிச்சுப் போய் கம்பெனியோட ஆன்லைன் சேவையான டி அண்ட் டி பியாண்ட் சந்தாவை கேன்சல் பண்ண ஆரம்பிச்சாங்க. கம்பெனி விரிவா பதில் சொன்னது 13-ம் தேதி, எட்டு நாள் கழிச்சு. அந்தப் பதில்லயும், நீங்க ஜெயிச்சீங்க, நாங்களும் ஜெயிச்சோம்னு ஒரு தொனி. வயித்துப் பிழைப்பு போயிடுமோன்னு எட்டு நாள் தூங்காம இருந்தவங்ககிட்ட ஜெயிச்ச கணக்குப் பேசலாமா? எரியற நெருப்புல எண்ணெய் தான். அப்புறம் தொனியை மாத்தி மன்னிப்பு கேட்டு, புது வரைவைப் போட்டு சர்வே எடுத்தாங்க, 15,000-க்கும் மேல பதில் வந்துச்சு, புது லைசென்ஸ்ல வெளியிட மாட்டோம்னு 88 சதவீதம் பேர் சொன்னாங்க. 27-ம் தேதி பழைய லைசென்ஸை அப்படியே விட்டுட்டு, அடிப்படை ரூல்ஸை யார் வேணும்னாலும் பயன்படுத்தற மாதிரி கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்லயும் கொடுத்துட்டாங்க, அந்த சர்வே எண்ணிக்கையை மறைக்காம அறிவிப்புலயே போட்டாங்க. கடைசி அறிவிப்பு நல்லா எழுதினது தான், சுருக்கம், தெளிவு, திரும்பி எடுத்துக்க முடியாத ஒரு செயலோட வந்துச்சு. அந்த எட்டு நாளுக்குள்ள ரெண்டு வரி வந்திருந்தா, "கசிஞ்சது வரைவு தான், முடிவு இல்ல, இத்தனாம் தேதி முழுசா பேசறோம்"னு, இவ்வளவு தூரம் போயிருக்குமான்னு எனக்கு சந்தேகம்.

அதனால ஒரு வழக்கம் வெச்சுக்கோங்க, ஏதாவது வெடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள முதல் பதில். முழு விளக்கம் வேண்டாம். பார்த்தோம், விசாரிக்கறோம், இந்த நாள் இந்த நேரத்துக்கு மறுபடி எழுதறோம். அவ்வளவு தான். அந்த நேரத்துக்கு கண்டிப்பா எழுதணும்.

ரூல் கேள்விக்கு ஒரே ஒரு இடம்

டிசைனர் ட்விட்டர்ல ஒரு பதில், டிஸ்கார்ட்ல இன்னொருத்தர் வேற பதில், மெயில்ல மூணாவதா ஒண்ணு, இப்படி மூணு இடத்துல மூணு பதில் இருந்தா மேஜைல இருக்கறவங்க அவங்கவங்களுக்கு வசதியானதை எடுத்துட்டு வருவாங்க. எங்க வேணும்னாலும் பேசுங்க, ஆனா முடிவான பதில் ஒரே ஃபைல்ல ஏறணும், அதுல பதிப்பு நம்பரும் தேதியும் இருக்கணும், கடைசியா என்ன மாறிச்சுன்னு தனி கலர்ல தெரியணும். லெடர் கேம்ஸ் அவங்களோட ரூட்ங்கற கேமுக்கு "லா ஆஃப் ரூட்"னு வெச்சிருக்கறது இந்த விஷயத்துல நல்ல மாதிரி, கத்துக்கறதுக்கு ஒரு புத்தகம், சண்டை வந்தா தீர்ப்பு பார்க்கறதுக்கு சட்டப் புத்தகம் மாதிரி நம்பர் போட்ட இன்னொரு புத்தகம், ரெண்டாவதை தேவைப்படும்போது திருத்திட்டே இருக்காங்க.

ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது ஆமா இல்லன்னு முதல்ல சொல்லிடுங்க, அப்புறம் ஏன்னு சொல்லுங்க. ரூல்ல தப்பு உங்களுதுன்னா "ரூல்புக்ல எழுத்து தப்பு, சரியானது இது, அடுத்த அச்சுல திருத்திடறோம்"னு ஒத்துக்கோங்க. கார்டுலயே தப்பு அச்சாயிருந்தா அதை எப்படி வாங்கறதுன்னும் அங்கயே சொல்லணும். இதுல இன்னொண்ணு, கேள்வி கேட்டவரை "ரூல்புக்ல 12-ம் பக்கம் படிங்க"ன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. அவர் படிச்சிருப்பார், புரியல. ஒரே பக்கத்தைப் பத்தி பத்து பேர் கேட்டா அது அந்தப் பக்கத்தோட குறை.

கருத்து கேட்டா, கேட்டு என்ன பண்ணீங்கன்னு சொல்லணும்

எஸ்பிஐ-ன்னு ஒரு வார்கேம் (போரை ஆடிப் பார்க்கற கேம்) கம்பெனி 1970-கள்ல அவங்க "ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்" பத்திரிகைல, அடுத்து பண்ண நினைக்கற கேம்களைப் பத்தி ஒவ்வொரு பத்தி எழுதி, 1-ல இருந்து 9 வரைக்கும் மார்க் போடச் சொல்வாங்க. மார்க்கைப் பார்த்துதான் எதைப் பண்றதுன்னு முடிவாகும். இன்னிக்கு சர்வே லிங்க் அனுப்பறதெல்லாம் இதோட தொடர்ச்சி தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக்கும் 2012-ல ஆரம்பிச்ச ஓபன் ப்ளேடெஸ்ட்ல (வெளியிடறதுக்கு முன்னாடி ஜனங்களே ஆடிப் பார்க்கறது) லட்சத்துக்கும் மேல பேர் கலந்துகிட்டாங்க, பாய்ஸோ கம்பெனியும் அவங்க பாத்ஃபைண்டர் கேமோட ரெண்டு பதிப்பையும் இப்படி வெளிப்படையா ஆடவிட்டுத்தான் முடிச்சாங்க.

சின்னப் பப்ளிஷர்கள் இங்க பண்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, ஏற்கனவே முடிவு பண்ணினதைப் பத்தி ஓட்டுக் கேக்கறது. கவர் ஃபைல் ஃபேக்டரிக்குப் போயாச்சு, இப்ப "ஏ பிடிக்குமா பி பிடிக்குமா"ன்னா, பி ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க? மாத்த முடியற விஷயத்தை மட்டும் கேளுங்க. இன்னொண்ணு, கேட்டுட்டு பதிலை விட்டுடறது. ஒரு மணி நேரம் செலவு பண்ணி உங்க ப்ரோட்டோடைப்பை பிரிண்ட் எடுத்து, வெட்டி, நண்பர்களைக் கூட்டி ஆடி, ஃபார்ம் நிரப்பி அனுப்பின ஆளுக்கு, அது எங்க போச்சுன்னே தெரியாம இருக்கறது எவ்வளவு வருத்தமா இருக்கும் தெரியுமா. "42 குரூப் ஆடினீங்க, மூணாவது ரவுண்ட் இழுக்குதுன்னு 30 குரூப் சொன்னீங்க, அதனால ரவுண்டை நாலுல இருந்து மூணாக்கிட்டோம். சந்தை ரூலை மாத்தச் சொன்னீங்க, மாத்தல, ஏன்னா மாத்திப் பார்த்தா முதல் ஆள் எப்பவும் ஜெயிக்கறார்." இப்படி எழுதினா, ஏத்துக்காத யோசனை சொன்னவர் கூட அடுத்த தடவை வருவார். ப்ளேடெஸ்டர் பேரை ரூல்புக்ல போடறதையும் மறக்காதீங்க, அனுமதி கேட்டுட்டு, எழுத்துப்பிழை இல்லாம.

எப்போ அறிவிக்கறது, எங்க பேசறது

க்ரவுட்ஃபண்டிங்னா முன்னாடியே சொல்லித்தான் ஆகணும். கூட்டம் சேர்க்க பணத்தையே இலக்கா வைக்கணும்னு கூட இல்ல, எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்ங்கற கார்டு கேம் 2015-ல 2 லட்சத்து 19 ஆயிரம் பேரைச் சேர்த்தப்போ, போட்டோ எடுத்துப் போடற மாதிரி விளையாட்டான சவால்களை வெச்சு பரிசைத் திறந்தாங்க, ஜனங்க சும்மா எண்ணிக்கையைப் பார்த்துட்டு இல்லாம சேர்ந்து விளையாடினாங்க.

ஸ்டோன்மையர் நேர் எதிர் வழி. ஸ்கைத்ங்கற கேமுக்கு அப்புறம் அவங்க கிக்ஸ்டார்ட்டரை விட்டுட்டாங்க, இப்பல்லாம் கேம் அச்சாகி முடியற நேரத்துல தான் அறிவிப்பே வரும், அறிவிச்ச கொஞ்ச வாரத்துல வாங்கிடலாம். காத்திருப்பு குறைவு, அதனால கேள்வியும் குறைவு. ஆனா இதுலயும் ஆபத்து இருக்கு, எத்தனை பேர் வாங்குவாங்கன்னு முன்கூட்டி தெரியாது. 2019-ல அவங்க விங்ஸ்பேன் கேம் வந்தப்போ ஸ்டாக் சட்டுனு தீர்ந்து போய் ஜனங்க கோவப்பட்டாங்க. ஸ்டெக்மையர் தேவையைக் குறைச்சு எடை போட்டுட்டேன்னு வெளிப்படையா மன்னிப்பு கேட்டு, எத்தனை காப்பி அச்சடிச்சாங்க, அடுத்த அச்சு எப்ப வரும்னு எண்ணிக்கையோட சொன்னார். செயற்கையா தட்டுப்பாடு உண்டாக்கறாங்கன்னு கிளம்பற பேச்சுக்கு எண்ணிக்கை தான் பதில்.

இடம்னு பார்த்தா ஈமெயில் தான் அடித்தளம், மத்த எதுவும் நாளைக்கு மாறலாம், மூடலாம், உங்க பதிவை யாருக்கும் காட்டாம விடலாம். டிஸ்கார்ட் நல்ல இடம் தான், ஆனா அங்க எழுதினதை தேடி எடுக்கறது கஷ்டம், அதனால முக்கியமான எதையும் அங்க மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க, அங்க இல்லாத பேக்கர் தான் எப்பவும் அதிகம். கன்வென்ஷன்ல (கேம் கண்காட்சில) பேசினதும் அப்படித்தான், ஜென் கான்லயோ எஸ்ஸென்லயோ ஸ்டால்ல நின்னு ஒருத்தர்கிட்ட "எக்ஸ்பான்ஷன் அடுத்த வருஷம்"னு வாய் தவறிச் சொன்னா அன்னிக்கு ராத்திரியே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஸ்டால்ல நிக்கற எல்லார் கைலயும் ஒரு பக்கம் கொடுங்க, எதைச் சொல்லலாம், எதை இன்னும் சொல்லக்கூடாது, கேட்டா என்ன வார்த்தைல பதில் சொல்றதுன்னு.

பெட்டி போனப்புறம்

ஆயிரம் பெட்டி போனா சிலதுல கண்டிப்பா ஏதாவது குறையும், ஒரு டோக்கன், மடங்கின கார்டு, நசுங்கின மூலை. உதிரிப் பாகத்துக்கு ஃபார்ம் முன்னாடியே தயாரா இருக்கட்டும், பெட்டிக்குள்ளயே அதோட லிங்க் இருக்கற சின்னத் துண்டுச்சீட்டு இருக்கட்டும், போட்டோ கேட்டீங்கன்னா ஏன் கேக்கறீங்கன்னும் சொல்லிடுங்க, ஃபேக்டரிக்குக் காட்டறதுக்குன்னு. இல்லன்னா நம்பாம சாட்சி கேக்கற மாதிரி இருக்கும்.

வருஷக் கணக்கு எழுதறதையும் யோசிங்க. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் பல வருஷமா அப்படி ஒரு அறிக்கை வெளியிட்டிருக்காங்க, எது நல்லா போச்சு, எது சரியா போகல, அடுத்து என்னன்னு, பங்குதாரர்னு அதுல அவங்க நினைக்கறது ஃபேன்ஸையும் கடைக்காரங்களையும் சேர்த்து. நாலு பக்கம் போதும். சரியா போகாத கேமைப் பத்தி நேர்மையா எழுதினா, அந்த கேமோட எக்ஸ்பான்ஷன் ஏன் வரலன்னு அப்புறம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

கடைசி அப்டேட்னு ஒண்ணு கண்டிப்பா போடுங்க, நிறைய பேர் பெட்டி போயிடுச்சுன்னதும் அப்படியே நிறுத்திடறாங்க. அதுல இருக்க வேண்டியது: எத்தனை பெட்டி போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சு, இன்னும் வராதவங்க எந்த தேதிக்குள்ள எந்த மெயிலுக்கு எழுதணும், உதிரிப் பாகம் எத்தனை வருஷம் வரைக்கும் வெச்சிருப்பீங்க, ரூல் ஃபைல் நிரந்தரமா எங்க இருக்கும், இந்த இடத்துல கேக்கற கேள்விக்கு எந்த நாள் வரைக்கும் பதில் வரும், அதுக்கப்புறம் எங்க கேக்கணும்.